அலுமினியத்தில் எந்தக் கழிவைக் கலப்பது: சாம்பலா, செஞ்சேறா, கசடா?

கழிவுத் தூளைக் கலந்து அலுமினியத்தை உறுதியாக்கலாம் என்று கிளம்புகிற பலர் முதலில் எடுத்துப் பார்ப்பது கடினத்தன்மை அட்டவணையைத்தான். எந்தத் தூள் அதிகக் கடினமோ அதைப் போட்டால் வார்ப்பும் கடினமாகிவிடும் என்ற கணக்கு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டிர் காஸ்டிங்கில், அதாவது உருகிய உலோகத்தைக் கலக்கியபடியே தூளைக் கொட்டி வார்க்கிற முறையில், தூளின் கடினத்தன்மை மூன்றாவது கேள்வி. உருகிய அலுமினியத்துக்குள் பத்து நிமிடம் கிடந்தால் அந்தத் தூள் என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. அது மிதக்குமா, மூழ்குமா, அப்படியே நிற்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

போட்டியில் இருப்பவை இவை: அனல்மின் நிலையச் சாம்பல், அதே சாம்பலில் மிதந்து வரும் உள்ளீடற்ற குண்டுகள், அலுமினா (அலுமினிய ஆக்சைடு) ஆலையின் செஞ்சேறு, இரும்பு ஊதுலைக் கசடு, தாமிரக் கசடு, உமிச்சாம்பல், தேய்ந்து கழித்த சாணைக்கல் தூள். கண்ணாடித் தூள், மார்பிள் தூள், கிரானைட் தூள் என்று இன்னும் சில உண்டு, அவற்றைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்கு அளவுகோலாக, கடையில் வாங்கும் சிலிக்கான் கார்பைடை ஓரமாக வைத்துக்கொள்வோம்.

அலுமினியத்தின் ஆக்சிஜன் பசி

உருகிய அலுமினியம் சும்மா கிடக்கும் திரவம் இல்லை. தன்னைவிடப் பலவீனமாக ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் எதிடமிருந்தும் அதைப் பிடுங்கிக்கொள்ளும். தண்டவாளம் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் வேறொன்றுமில்லை, அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும்தான். உலோகத்தை உருக்கும் பாத்திரமான மூசைக்குள் இரும்பு ஆக்சைடு உள்ள கழிவைக் கொட்டினால் அதே வினைதான், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஞ்சேற்றில் இரும்பு ஆக்சைடு 30 முதல் 60 சதவீதம் வரை இருக்கும், நாம் 40 என்று எடுத்துக்கொள்வோம். 100 கிலோ உருக்கில், அதாவது உருகிய அலுமினியத்தில், 5 கிலோ செஞ்சேறு போடுகிறோம் என்றால் 2 கிலோ இரும்பு ஆக்சைடு உள்ளே போகிறது. அது முழுக்க வினைபட்டால் 1.4 கிலோ இரும்பு வெளியே வந்து உலோகத்தில் கரையும். உருக்கில் ஏறத்தாழ 1.3 முதல் 1.4 சதவீதம் இரும்பு. வார்ப்புக்கு அதிகம் பயன்படும் ஏ356 உலோகக்கலவையில் இரும்பு 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர வரம்பு! ஆறு ஏழு மடங்கு. பத்து நிமிடத்தில் முழுக்க வினைபடாது, உண்மைதான், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வினைபட்டாலே வரம்பு தாண்டிவிடும்.

இரும்பு அதிகமானால் என்ன? சிலிக்கான் உள்ள அலுமினியத்தில் அது பீட்டா என்று அழைக்கப்படும் தகடு தகடான படிகங்களாக உறைகிறது. வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாகத் தெரியும். விரிசல் ஓடுவதற்குப் போட்டுக் கொடுத்த பாதை மாதிரி. கடினத்தன்மை சோதனையில் இது வெளியே தெரியாது, சொல்லப்போனால் எண் கொஞ்சம் ஏறிக்கூடக் காட்டும், இழுவைச் சோதனையில்தான் நீட்சி, அதாவது உடைவதற்கு முன் நீளும் அளவு, சட்டென்று விழும். மாங்கனீஸ் சேர்த்தால் ஊசிகள் சீன எழுத்து போன்ற வேறொரு வடிவத்துக்கு மாறும், பாதிப்பு குறையும், ஆனால் கழிவால் வந்த நோய்க்கு மருந்து வாங்க ஆரம்பித்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

சிலிக்காவும், அதாவது சிலிக்கான் ஆக்சைடும், இதே மாதிரி வினைபடும். அலுமினியம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அலுமினா ஆகும், சிலிக்கான் உருக்கில் கரையும். ஆனால் இது அவ்வளவு மோசம் இல்லை, ஏனென்றால் வார்ப்புக் கலவைகளில் சிலிக்கான் ஏற்கெனவே 7 சதவீதம், 10 சதவீதம் என்று இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் குடி முழுகிவிடாது. அதனால் சிலிக்கா அதிகம், இரும்பு குறைவு என்றிருக்கும் கழிவு நமக்கு வேண்டியது. கால்சியம், மக்னீசியம் ஆக்சைடுகளைப் பெரும்பாலும் அலுமினியத்தால் பிடுங்க முடியாது, அவை வந்தால் வரட்டும்.

மக்னீசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூளை உருகிய அலுமினியம் நனைக்காது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் உருண்டு ஓடுவது போல உலோகம் தூளை விட்டு விலகி நிற்கும். அதற்காக 1 சதவீத அளவில் மக்னீசியம் சேர்ப்பது வழக்கம். அது தூளின் மேற்பரப்பில் ஸ்பினெல் என்ற படலத்தை உண்டாக்கி நனைய வைக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் அந்தப் படலத்துக்குப் போன மக்னீசியம் உலோகத்தில் இல்லை. 6061 என்ற அலுமினியக் கலவையின் வலிமையே மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்களில்தான் இருக்கிறது. ஒரு தடவை 6061-இல் 10 சதவீதம் சாம்பல் போட்டுவிட்டு, அச்சு சூடாகவில்லை என்று உருக்கை இருபது நிமிடத்துக்கும் மேல் உலையிலேயே வைத்திருந்தேன். வார்த்து, டி6 முறையில் சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி 175 டிகிரியில் வைத்து எடுத்தால் கடினத்தன்மை கிட்டத்தட்ட முன்பிருந்த இடத்திலேயே நின்றது. உலைதான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்த பிறகுதான் மக்னீசியம் எங்கே போனது என்று புரிந்தது.

மிதப்பதும் மூழ்குவதும்

உருகிய அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 2.37 கிராம். திட நிலையின் 2.7 இல்லை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் பாகுநிலை தண்ணீரை ஒத்தது. ஆக, கலக்கியை நிறுத்திய நொடியில் தூள் நகர ஆரம்பிக்கிறது. திரவத்தில் துகள் நகரும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை வைத்து 50 மைக்ரான் குண்டுத் துகளுக்குக் கணக்குப் போட்டேன். சிலிக்கான் கார்பைடு, அடர்த்தி 3.2, நொடிக்குச் சுமார் 0.9 மி.மீ. மூழ்கும், அதாவது ஒரு நிமிடத்தில் ஐந்தரை செ.மீ. தாமிரக் கசடு, 3.5 என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏழரை செ.மீ.க்கு மேல். திடமான சாம்பல் துகள், 2.2 என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒரு செ.மீ. சொச்சம், அதுவும் மேல்நோக்கி. தூள் அதிகமாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தடுத்து வேகம் இதைவிடக் குறையும், ஆனால் வரிசை மாறாது.

இந்த இடத்தில்தான் சாம்பல் மற்ற எல்லாவற்றையும் விட ஒரு படி மேலே நிற்கிறது. மூசையைத் தூக்கி, உருக்கின் மேல் மிதக்கும் அழுக்கை ஒதுக்கி, அச்சில் ஊற்றி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் தாமிரக் கசடு அடியில் போய் உட்கார்ந்துவிடும், சாம்பல் போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும். விலை உயர்ந்த சிலிக்கான் கார்பைடுக்கே இல்லாத வசதி இது.

ஆனால் உள்ளீடற்ற குண்டுகள் கதை நேர் எதிர். அடர்த்தி 0.4 முதல் 0.8 வரைதான், அளவோ 100 மைக்ரான் வாக்கில் இருக்கும். கணக்குப்படி நொடிக்கு 8 மி.மீ. மேலே ஏறும், பத்து நொடியில் 8 செ.மீ. கலக்கியை நிறுத்துவதற்குள் மேலே நுரை மாதிரி வந்து நின்றுவிடும். அவற்றை ஸ்டிர் காஸ்டிங்கில் போடுவது வீண் வேலை. குண்டுகளை முதலில் அச்சில் நிரப்பி வைத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து உலோகத்தை இடுக்குகளுக்குள் செலுத்துவதுதான் அவற்றுக்கு ஏற்ற வழி. அழுத்தம் கூடினால் ஓடு நொறுங்கி உள்ளேயும் உலோகம் புகுந்துவிடும், அப்புறம் எடை குறைப்புக்காகப் போட்டதற்கு அர்த்தமே இல்லை. சரியாக வந்தால் எடை நிஜமாகவே குறையும், மோதல் ஆற்றலை நசுங்கி வாங்கிக்கொள்ளும் பொருள் கிடைக்கும். ஆனால் அது வேறு பொருள், வேறு தேவை.

சாம்பல்

அனல்மின் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் பெரும்பகுதி. பெரும்பாலான துகள்கள் உருண்டையானவை, நிலக்கரியில் இருந்த தாதுக்கள் சுடரில் உருகிக் காற்றிலேயே உறைந்ததால் அப்படி. உருண்டை என்பதால் முனைகளில் அழுத்தம் குவிவதில்லை, கடைசலில் வெட்டுக்கருவியையும் அதிகம் தின்பதில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் பிரதீப் ரோஹட்கி இந்தச் சாம்பல் கலந்த அலுமினியத்தில் நிறைய வேலை செய்தவர். ஆஷ்அல்லாய் என்றே இதற்குப் பெயர் உண்டு. அதனால் வழி புதிதில்லை, நடந்து பழகிய வழி.

பிரச்சினை, சாம்பல் என்பது ஒரே பொருள் இல்லை என்பதில் இருக்கிறது. நிலக்கரி மாறினால் சாம்பல் மாறும். ஒரே நிலையத்திலேயே புகையைச் சலிக்கும் மின்வடிப்பானின் முதல் ஹாப்பரில், அதாவது சாம்பல் சேரும் தொட்டியில், விழுவது பருமனாக இருக்கும், கடைசி ஹாப்பரில் மாவு போல இருக்கும். மூட்டை கட்டிக் கொடுப்பவரிடம் எந்த ஹாப்பர் என்று கேட்டால் விநோதமாகப் பார்ப்பார், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. இன்னொன்று எரியாத கரி. சாம்பலை 750 டிகிரியில் வைத்து எவ்வளவு எடை குறைகிறது என்று பாருங்கள். சிமெண்டில் கலக்க 6 சதவீதம் வரை அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது, உருக்கில் போட அது ரொம்ப அதிகம், கரி நனையாமல் மேலே மிதந்து, வாயுவை விட்டு, கசடோடு கசடாகப் போகும். நான் எப்போதும் பயன்படுத்துவதற்கு முன் திறந்த தட்டில் பரப்பி, உலையில் காற்றுப்பட வறுத்துவிடுவேன், கறுஞ்சாம்பல் நிறம் போய் வெளிர்பழுப்பாக மாறும். கரியும் போகும், ஈரமும் போகும், ஒரே வேலை.

இரும்பு விஷயத்தில் சாம்பல் சுத்தம் என்று சொல்ல முடியாது. இரும்பு ஆக்சைடு 6 சதவீதம் உள்ள சாம்பலை 10 கிலோ போட்டால், முழுக்க வினைபட்டால் 0.42 கிலோ இரும்பு. காந்தத்தை இரண்டு தடவை ஓட்டி எடுத்தால் ஒரு பகுதி போய்விடும், கண்ணாடித் துகளுக்குள் கரைந்திருப்பது போகாது. ஆனாலும் செஞ்சேற்றோடு ஒப்பிட்டால் இது தொல்லையே இல்லை.

செஞ்சேறு

இதைப் பற்றி நல்லவிதமாக எழுதத்தான் ஆசை, ஏனென்றால் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. அலுமினியம் எடுத்தபோது வந்த கழிவு, திரும்ப அலுமினியத்துக்கே வலு சேர்க்கிறது! கேட்கவே நன்றாக இருக்கிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு இரண்டு டன் அலுமினா வேண்டும், ஒவ்வொரு டன் அலுமினாவுக்கும் ஒரு டன்னோ அதற்கு மேலோ செஞ்சேறு வரும். அப்படியென்றால் ஒரு டன் உலோகம் பிறக்கும்போது குறைந்தது இரண்டு டன் சேறு குளத்தில் நிற்கிறது, நாம் திரும்பப் போடப்போவது அதிலிருந்து 50 கிலோ. கதை அழகு, கணக்கு இப்படி.

குளத்தில் நிற்பது சாதாரணச் சேறும் இல்லை. காரத்தன்மை பிஎச் 10 முதல் 13 வரை போகும். ஹங்கேரியில் அய்கா என்ற ஊரின் அலுமினா ஆலையில் 2010 அக்டோபர் 4 அன்று அணை உடைந்து இந்தச் சேறு பக்கத்து ஊர்களுக்குள் பாய்ந்தபோது பத்துப் பேர் இறந்தார்கள், பலருக்கு ரசாயனத் தீப்புண். காய்ந்த பொடியைக் கையால் அள்ளுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள், கையுறையும் முகமூடியும் தானாக ஞாபகம் வரும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் மூன்று தலைவலிகள். இரும்பு, மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது, நீர். 110 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைப்பது பெரிய தப்பு, வெளியே ஒட்டிய தண்ணீர்தான் அதில் போகும். படிகத்துக்குள் கட்டுண்ட நீர் நிறைய இருக்கிறது, அது 300 டிகிரி வாக்கிலும் அதற்கு மேலும்தான் வெளியேறும். அப்படி அரைகுறையாகக் காய்ந்த தூளை 720 டிகிரி உருக்கில் கொட்டினால் முதலில் உஸ் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் உருக்கின் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள், வார்த்து வெட்டிப் பார்த்தால் ரொட்டி மாதிரி துளை. நீராவியிலிருந்து ஆக்சிஜனை அலுமினியம் எடுத்துக்கொள்ள, மிச்சமான ஹைட்ரஜன் உருக்கில் கரைந்து, உறையும்போது துளையாக வெளிப்படுகிறது. கொட்டுகிற கைக்கும் ஆபத்து. கழுவி, உலர்த்தி, 600 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வறுத்தால்தான் பயன்படும். இலவசமாக வந்த கழிவுக்கு இத்தனை மின்சாரம்.

மூன்றாவது, துகள் அளவு. பெரும்பகுதி 10 மைக்ரானுக்குக் கீழே. இதனால் மூழ்காது, அது நல்லது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், கட்டிக்குள் உலோகம் போகாது, உடைத்துப் பார்த்தால் முறிவு முகத்தில் செம்மண் பொட்டலம் மாதிரி உள்ளே உலர்ந்த தூள் அப்படியே இருக்கும். மேற்பரப்பு அதிகம் என்பதால் வினையும் வேகம்.

இதையே உருக்கில் போடாமல், தட்டின் மேற்பரப்பில் பள்ளம் வெட்டி நிரப்பி, சுழலும் கருவியால் பிசைந்து கலக்கும் முறையில் செய்தால் படம் மாறுகிறது. உலோகம் உருகுவதே இல்லை, சூட்டில் கிடக்கும் நேரமும் சில நொடிகள்தான், வினை நடக்க வாய்ப்புக் குறைவு, பிசையும்போது கட்டியும் உடைகிறது. செஞ்சேறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இந்த வழியில் போங்கள். மூசையில் வேண்டாம்.

கசடுகள், உமி, சாணைக்கல்

கசடு என்று ஒரே பெயரில் மூன்று வேறு பொருட்கள் சுற்றுகின்றன, அதில்தான் குழப்பமே. இரும்பு ஊதுலையிலிருந்து வந்து தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து அரைத்த கசடில் கால்சியம் ஆக்சைடு 40 சதவீத வாக்கில், சிலிக்கா 35 வாக்கில், மீதி அலுமினாவும் மக்னீசியாவும், இரும்போ மிகக் குறைவு. பெயரில் இரும்பு, உள்ளே இரும்பு இல்லை, நமக்கு வேண்டியது அதுதான். அடர்த்தி 2.9, கொஞ்சம் மூழ்கும், சமாளிக்கலாம். சிமெண்டுக்காக அரைத்து விற்பது என்பதால் அளவும் தரமும் மூட்டைக்கு மூட்டை பெரிதாக மாறாது, சாம்பலிடம் இல்லாத குணம் இது. குறை என்றால் துகள்கள் கூர்முனை உள்ளவை, கந்தகமும் கொஞ்சம் உண்டு. ஈரம் பட்டால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அந்த வாடை வந்த மூட்டையை ஒதுக்கிவிடுங்கள். இந்தக் கசடுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம், சாம்பலைப் பற்றி எழுதுகிறவர்களில் நாலில் ஒரு பங்குகூட இதைத் தொடுவதில்லை என்று தோன்றுகிறது.

எஃகுக் கசடு வேறு. அதில் வினைபடாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும், பிற்பாடு ஈரத்தை உறிஞ்சி வீங்கும், இரும்பு ஆக்சைடும் அதிகம். வேண்டாம். தாமிரக் கசடோ பெரும்பகுதி இரும்பு சிலிக்கேட், இரும்பு மட்டுமே 40 சதவீதம் வாக்கில். செஞ்சேற்றைவிட மோசமல்லவா என்று கேட்கலாம். எண்ணளவில் ஆமாம், ஆனால் பருமனான கண்ணாடித் துகள் என்பதால் மேற்பரப்பு குறைவு. 75 மைக்ரான் துகளோடு 5 மைக்ரான் துகளை ஒப்பிட்டால் அதே கன அளவுக்குப் பதினைந்து மடங்கு மேற்பரப்பு பின்னதில். ஆகவே தாமிரக் கசடில் இரும்பு மெதுவாகத்தான் கரையும், ஆனால் கனம் அதிகம் என்பதால் அடியில் படியும். ஒரு தொல்லையிலிருந்து தப்பினால் இன்னொன்று.

உமிச்சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா, இரும்பு மிகச் சொற்பம். ரசாயனத்தை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் சுத்தமானது இதுதான். கறுப்பாக இருந்தால் கரி நிறைய, வெளுப்பாக இருந்தால் நன்றாக எரிந்தது. ஆனால் துகளுக்குள் கூடு கூடாக இடைவெளி, அதில் காற்று, அதனால் மூட்டை பெரிதாகவும் எடை சின்னதாகவும் இருக்கும், 10 சதவீதம் கலப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். சிலிக்கா முழுவதும் வினைபட்டால் 10 கிலோ சாம்பலிலிருந்து 4 கிலோவுக்கு மேல் சிலிக்கான் உருக்கில் சேரும், அதைக் கணக்கில் வைத்துக் கலவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிகச் சூட்டில் எரிந்த உமியில் சிலிக்கா படிகமாக மாறியிருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன், சாதாரணத் துணி முகமூடி போதாது.

தேய்ந்த சாணைக்கல்லை யாரும் கழிவாகவே நினைப்பதில்லை, ஆனால் அது உண்மையில் சிலிக்கான் கார்பைடோ அலுமினாவோதான், கடையில் வாங்குவதற்கு இணையான கடினத்தன்மை. உடைத்து, அரைத்து, சலித்து எடுக்க வேண்டும். சாணையில் சேரும் சேற்றை எடுத்தால் அதில் இரும்புத் துணுக்கும் எண்ணெயும் இருக்கும், எரித்து, காந்தம் வைத்து எடுக்காமல் தொடாதீர்கள். சிலிக்கான் கார்பைடுக் கல் என்றால் ஒரு நிபந்தனை உண்டு: சிலிக்கான் குறைந்த உலோகத்தில் நீண்ட நேரம் கிடந்தால் அது அலுமினியம் கார்பைடாக மாறும், அந்தக் கார்பைடு ஈரம் பட்டால் சிதையும். 9 சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் உள்ள வார்ப்புக் கலவையில் போட்டால் பயமில்லை.

மார்பிள் தூள் சூட்டில் கார்பன் டை ஆக்சைடு விடும். பாட்டில் கண்ணாடி உருக்கின் சூட்டிலேயே இளகி ஒட்டும். கிரானைட் தூள் பரவாயில்லை, கூர்முனை உள்ள சாம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் இவற்றைப் பற்றி.

எடை குறைந்தது என்ற மாயை

சாம்பல் போட்டால் எடை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு? 10 சதவீதம் எடையளவில், சாம்பல் அடர்த்தி 2.2 என்றால், கலவையின் அடர்த்தி 2.64 வரும். 2.7-இலிருந்து 2.64. இரண்டு சதவீதச் சொச்சம், அவ்வளவுதான். தண்ணீரில் மூழ்கடித்து எடை பார்த்து உங்களுக்கு 2.56 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அந்த வித்தியாசம் 3 சதவீதத் துளை. லேசான வார்ப்பு என்று எழுதி வைத்திருப்பதில் எத்தனை உண்மையில் ஓட்டை வார்ப்போ!

இன்னொரு பொறி, எடைச் சதவீதத்தில் ஒப்பிடுவது. 10 எடைச் சதவீதம் சாம்பல் கன அளவில் 12 சதவீதம், அதே 10 எடைச் சதவீதம் தாமிரக் கசடு கன அளவில் 8 சதவீதம்கூட வராது, உள்ளீடற்ற குண்டு என்றால் 33 சதவீதம். இவை மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு எது சிறந்தது என்று கேட்பது நியாயமே இல்லை. கன அளவைச் சமமாக வைத்து வார்த்துப் பாருங்கள், வரிசையே மாறிப்போகலாம்.

மூன்றாவது, ஒப்பீட்டுக்கு வைக்கும் வெறும் அலுமினியம். தூள் இல்லாத மாதிரியை அப்படியே உருக்கி ஊற்றிவிட்டு, தூள் போட்டதை மட்டும் மக்னீசியம் சேர்த்து, கலக்கி, வாயு நீக்கி, அச்சைச் சூடாக்கி வார்த்தால், வந்த மாற்றம் தூளாலா மற்றதாலா என்று சொல்லவே முடியாது. தூள் இல்லாமலும் அதே மக்னீசியம், அதே கலக்கல், அதே நேரம் வைத்து ஒன்று வார்க்க வேண்டும். இதைச் செய்த பிறகு எனக்கே முன்பு எழுதி வைத்த முன்னேற்றத்தில் பாதி காணாமல் போனது.

எதை எடுப்பேன்

தேயும் பாகம், பெரிய இழுவிசை இல்லை, உதாரணமாக புஷ், புல்லி, வழிகாட்டித் தகடு மாதிரி என்றால், வறுத்துக் காந்தம் ஓட்டிய சாம்பல், 25 முதல் 75 மைக்ரான், எடையில் 5 முதல் 10 சதவீதம், சிலிக்கான் 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வார்ப்புக் கலவையில். 10-ஐத் தாண்டினால் கட்டியும் துளையும் லாபத்தைத் தின்றுவிடும். நல்ல சாம்பல் ஒரே தரத்தில் தொடர்ந்து கிடைக்காது என்றால் அரைத்த ஊதுலைக் கசடுக்கு மாறிவிடுவேன், யோசிக்க மாட்டேன்.

தேய்மானம்தான் முழுப் பிரச்சினை, வெட்டுக்கருவி தேய்ந்தாலும் பரவாயில்லை என்றால் சாணைக்கல் தூள். அதற்கும் நேரமில்லை என்றால் சிலிக்கான் கார்பைடையே வாங்கிவிடுங்கள், உடைத்துச் சலிக்கிற கூலியையும் நேரத்தையும் கூட்டினால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது.

இழுபடும் பாகம், அதிர்ச்சி தாங்கும் பாகம், உடைந்தால் ஆளுக்கு ஆபத்து என்கிற பாகம் என்றால் இந்தப் பட்டியலில் எதுவுமே வேண்டாம். கடினத் துகள் எதைப் போட்டாலும் நீட்சி குறையும், கழிவில் அது எவ்வளவு குறையும் என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். அந்த வேலைக்குத் தூளே இல்லாத, நன்றாக வாயு நீக்கிய, சரியாக டி6 செய்த உலோகம் போதும்.

கழிவு மலையைக் கரைக்கத்தான் இதைச் செய்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று. உலகம் முழுக்க ஆண்டுக்கு உற்பத்தியாகும் முதல்நிலை அலுமினியம் 7 கோடி டன் வாக்கில். செஞ்சேறு மட்டுமே அதைவிட அதிகம், நிலக்கரிச் சாம்பலோ அதற்குப் பல மடங்கு. சாம்பலை நிஜமாகத் தின்பது சிமெண்டும் செங்கல்லும் சாலையும்தான், நாம் அல்ல. நமக்குக் கிடைப்பது மலிவான, மூழ்காத, உருண்டையான துகள், அந்தக் காரணமே போதுமானது.

கடைசியாக, வார்த்து முடித்ததும் வெட்டி எடுக்கும் ரைசர், ரன்னர் துண்டுகளை, அதாவது அச்சுக்கு உலோகம் ஊட்டும் வழிகளில் உறைந்து நிற்பவற்றை, தனி டப்பாவில் போட்டு, என்ன தூள், எத்தனை சதவீதம் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். மற்ற அலுமினியக் கழிவோடு அவை கலந்தால் அடுத்த உருக்கே கெடும், தூளும் கரைந்த இரும்பும் அதில் போய்ச் சேரும், அதிலிருந்து யாரோ கதவுக் கைப்பிடி வார்ப்பார்கள். அந்தத் துண்டுகளை அதே கலவைக்கு ஒரு தடவை மறுபடி உருக்கலாம், அப்போதும் இரும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு.